பரஸ்தான வாளி

அக்கா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தோடு, விடுதிக்கு எடுத்து வர வேண்டிய சாமான் பட்டியலும் வந்திருந்தது. தலையணை, போர்வை, வாளி, பூட்டு, ஹேங்கர் என்று மொத்தம் 14. அக்காவும் ஒரு பட்டியல் போட்டாள். குதிரை காலண்டரில் கிழித்த பழைய தாள்கள் ஐந்தின் முதுகில், 61 வரை எண் போட்டு. 62-வதாக "மற்றவை" என்று எழுதி அடிக்கோடு இழுத்திருந்தாள்.

பிள்ளை கடல் கடந்து போகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தோட்டம் மலேசியாவில் பேராங் பக்கம். கல்லூரி தஞ்சோங் மாலிம் பக்கம். என் வேன் மீட்டரில் 12 கிலோமீட்டர். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். 1922-ல் இங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறந்த நாளிலிருந்து பிள்ளைகள் பெட்டியும் கையுமாக இந்த ஊரில் வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அது 1997-ல் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. பேராங்கில் பாலிடெக்னிக் வேறு. எதுவாக இருந்தால் என்ன, பாப்பா சேர்ந்த இடத்தில் முதல் செமஸ்டர் விடுதியில் தங்கியே ஆக வேண்டும்.

"பன்னெண்டு கிலோமீட்டருக்கு எதுக்கு ஹாஸ்டல்? மோட்டார்ல போயிட்டு வரட்டுமே" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். பாப்பா என்னைப் பார்த்த பார்வையில், பதினெட்டு வருடமாக நான் வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங் மொத்தமும் கரைந்துபோனது. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

தாய்மாமன் நான். காது குத்துக்கு மடி கொடுத்தவன், சடங்குக்குத் தட்டு தூக்கியவன். விடுதிக்குப் போவதற்கும் சீர் உண்டா என்று எந்தப் பெரியவரையும் கேட்க அவசியம் வரவில்லை. அக்கா பேசாமல் பட்டியலை என் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

வேனும் என்னுடையதுதான். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாளுக்குக் கெனப்பிப் பந்தல், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். வேனின் இரண்டு பக்கமும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி படம், கீழே கொட்டை எழுத்தில் என் நம்பர். இந்தப் படம் பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறது.

சாமான் வாங்கியதை முழுக்கச் சொன்னால் நீங்களும் களைத்துப்போவீர்கள். மெத்தைக் கதையை மட்டும் சொல்கிறேன். விடுதிக் கட்டிலில் இருக்கும் மெத்தையில் எத்தனை பேர் படுத்தார்களோ என்று அக்காவுக்குக் கவலை. மேலே போட ஒரு மெல்லிய மெத்தை வேண்டும் என்றாள். கடை முதலாளி, அதுதான் தவுக்கே, இரண்டைக் காட்டினார். ஒன்று சிங்கிள், 3 அடி அகலம். இன்னொன்று சூப்பர் சிங்கிள், மூன்றரை அடி. விலை 20 வெள்ளி, அதாவது ரிங்கிட், கூட.

"கட்டில் என்ன சைஸ்னு கேட்டியாக்கா?"

"சூப்பர்னு போட்டிருக்கான்லா தம்பி. சூப்பர் எப்படிடா கொறைஞ்சு போகும்?"

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவரும் கல்யாணம் ஆனவர்தான் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் சூப்பரைச் சுருட்டிக் கட்டிவிட்டார்.

அடுத்தது அம்மா. பதிவு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு என்றதும் அம்மா காலண்டர் பக்கம் போனார். சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகு காலம்.

"ஒம்பதுக்கு முன்னாடியே கெளம்பிடலாம்மா."

"கெளம்பறது சரிடா. போயி பேரு பதியறது ராகு காலத்துலயா?"

கல்லூரிக்காரர்களிடம் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். என்ன காரணம் சொல்வது என்று கேட்டேன். "ராகுன்னு சொல்லு" என்றார். கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று சமாதானம் ஆனது. இந்தக் காலப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பயண நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் சாமான் ஒன்றை வாசல் தாண்டி வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்த சாமான் திரும்ப வீட்டுக்குள் மட்டும் வரக்கூடாது.

அதற்குச் சிவப்பு வாளியைத் தேர்ந்தெடுத்தார் அம்மா. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, உள்ளே வெற்றிலை பாக்கும் 50 காசும் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிக்கத்தானே போறா? படிப்புக் காகிதம்தான் மொதல்ல வாசல் தாண்டணும்" என்று பாப்பாவின் கோப்பையும் அதில் வைத்தார். இடம் கிடைத்த கடிதம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைத் தாள், படங்கள், பணம் கட்டிய ரசீது எல்லாம் அந்தக் கோப்பில். வெள்ளிக்கிழமை காலை வாளி ஊர்வலமாக எதிர்வீட்டு டிராக்டர்காரர் வீட்டு அக்காவின் சாமி மேடைக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை 8.50-க்குக் கிளம்பினோம். முன்னால் நானும் அம்மாவும். பின்னால் அக்கா, பாப்பா, அத்தான். அத்தானுக்குக் கார்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நேராக வந்து ஏறி, சுருட்டிய சூப்பர் சிங்கிளில் சாய்ந்தவர் செம்பனை மரம் தாண்டுவதற்குள் குறட்டை.

விடுதி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா கையைக் காட்டி நிறுத்தினார். வேனின் இந்தப் பக்கம் பார்த்தார். நடந்து போய் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ஆனே, சியாப்பா காவின்?"

யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தோட்டத்து மலாயில் ஒரு போடு போட்டார். "தாக் காவின்! சூச்சூ மாவு பெலாஜார்!" பேத்தி படிக்க வந்திருக்கிறாளாம், கல்யாணமெல்லாம் கிடையாதாம். ஜாகா சல்யூட் அடித்து உள்ளே விட்டார். பாப்பா இருக்கைக்குக் கீழே ஒளிந்துகொண்டாள்.

பதிவு மேசையில் எங்கள் முறை வந்தது. கோப்பைக் கொடுங்கள் என்றார்கள்.

பாப்பா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, நான் ஏதோ ஊர் பேர் தெரியாதவன் மாதிரி, கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

திரும்பத் தோட்டத்துக்கு ஓட்டினேன். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. போன் போட்டால், "தம்பி, நான் பாவ் வாங்க வந்தேன்லா" என்கிறார் டிராக்டர்காரர் வீட்டு அக்கா. எங்கே? தஞ்சோங் மாலிமில். நான் இப்போதுதான் புறப்பட்டு வந்த அதே தஞ்சோங் மாலிமில். ஆவியில் வெந்த எங்கள் ஊர்ப் பாவ் ரொட்டிக்காகக் கோலாலம்பூரிலிருந்தெல்லாம் கார் போட்டு வருவார்கள். உள்ளூர்க்காரர் சனிக்கிழமை காலையில் போய் வரிசையில் நின்றதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடி டவுனுக்கு. பாவ் கடை வாசலில் சாவியை வாங்கிக்கொண்டேன். கூடவே சுடச்சுட ஒரு காயா பாவையும் கையில் திணித்தார். மறுபடி தோட்டம், மறுபடி கல்லூரி. 12 கிலோமீட்டர் பயணம், கூட்டிப் பார்த்தால் 60 கிலோமீட்டர்.

நான் கோப்போடு ஓடிப்போய் மேசையில் வைத்தபோது மணி 10.35.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. "பாத்தியா? ராகு காலம் முடிஞ்சுதான் பதியணும்னு இருந்திருக்கு. பரஸ்தானம்னா சும்மாவா?"

இதற்கு மேல் என்ன பேச?

அறை மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. பதிவு நாளில் மட்டும் ஆண்கள் மேலே ஏறலாம் என்று ஒரு சலுகை. அதை நான் பதினொரு தடவை அனுபவித்தேன். அத்தான் மெத்தையோடு ஒரு தடவை ஏறியவர், அதைக் கட்டிலில் விரித்து, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படுத்தார். சரியாக இருந்ததா என்பது தெரிய அவர் எழுந்தால்தானே?

இருக்கவில்லை. கட்டில் 3 அடி. அரை அடி சூப்பர் வெளியே தொங்கியது. அம்மா அந்த ஓரத்தில் போய் உட்கார, மெத்தை மடங்கி, அவரைப் பக்குவமாகத் தரையில் இறக்கிவிட்டது. கடைசியில் மிச்ச அரை அடியைச் சுவர்ப் பக்கம் நிமிர்த்தி வைத்தோம். பல்லிக்கும் மெத்தை.

மின்சாரச் சாமான்களைச் சோதிக்க ஒரு விடுதிப் பொறுப்பாளர் அம்மா வந்தார். நான் பெருமையாக என் எக்ஸ்டென்ஷனை நீட்டினேன். கெனப்பிக்குப் போடுவது, 20 மீட்டர் ஒயர், உருளையில் சுற்றியது. அவர் அதைப் புரட்டிப் புரட்டி சிரிம் தரச்சான்று ஸ்டிக்கரைத் தேடினார். பத்து வருடக் கல்யாணங்களில் அது எந்தப் பந்தலில் உரிந்து விழுந்ததோ. "இந்த ஒயர் பக்கத்து பிளாக் வரைக்கும் போகுமே" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். டவுனுக்கு ஓடி, ஸ்டிக்கர் உள்ளதாகப் பார்த்து 25 வெள்ளிக்கு ஒன்று வாங்கி வந்தேன். அதையும் கிலோமீட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் அவர் கண்ணில் அடுத்தது பட்டது. துணிமணிக்கு நடுவே, நைட்டிக்குள் சுற்றி வைத்த குட்டி ரைஸ் குக்கர்.

"பெரியுக் நாசி தாக் போலே, மாக்சிக்." ரைஸ் குக்கர் கூடாதாம்.

அம்மா அவரையே உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார். "சோறாக்க இல்லடா. பால் காய்ச்ச. புது எடத்துல பால் பொங்காமப் புள்ளய விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

ரைஸ் குக்கர் வேனுக்குத் திரும்பியது. அம்மா திரும்பவில்லை. அறையை அளந்துகொண்டிருந்தார். இப்படிக் குதிகாலும் பெருவிரலும் சேர்த்து வைத்து அடி அடியாக நடந்து அவர் அளப்பதை நான் சின்ன வயதில் பார்த்தது, லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு கட்டிய போது.

"ரெண்டு பேருக்காடா இது?"

"ஆமாம்மா."

"நாங்க இதுல ஒம்பது பேரு." கொஞ்ச நேரம் கழித்து, "குசினி எங்க?" என்றார். குசினி இல்லை என்றதும் பால் கவலை திரும்பவும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு தட்டும் சத்தம். பாப்பாவின் அறைத்தோழி. சபாவில் தாவாவ் ஊர்ப் பிள்ளை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் விமானத்தில் பறந்து கோலாலம்பூரில் இறங்கி, கொமுட்டர் ரயிலில் தஞ்சோங் மாலிமுக்குத் தனியாக வந்திருக்கிறாள். ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை. உள்ளே நுழைந்தவள், அடுக்கி வைத்திருந்த நாற்பது ஹேங்கர், முறுக்கு டின் இரண்டு, நெத்திலிச் சம்பல் போத்தல் ஐந்து, இடியப்ப உழக்கு (அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை), கட்டிலில் வாய் திறந்து தூங்கும் ஓர் ஆண்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டாள்: "நீங்கள் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறீர்களா?"

பாப்பா பதில் சொல்லவில்லை. "டெக்காட் சாஜா" என்று அம்மாதான் சொன்னார். பக்கம்தானாம். பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, உங்கள் அம்மா எங்கே என்று விசாரித்தார். தாவாவில் என்றாள். அம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முறுக்கு டின்னைத் திறந்தார். அடுத்த அரை மணியில் எங்கள் பட்டியலின் சரிபாதி அந்தப் பக்கத்து அலமாரிக்குள் போய்விட்டது. அக்கா ஒவ்வொன்றையும் காலண்டர் தாளில் பேனாவால் அடித்துக்கொண்டே கொடுத்தாள்.

பால் காய்ச்ச வழி கண்டுபிடித்தது அந்தப் பிள்ளைதான். நடைபாதையில் சுடுதண்ணீர் மெஷின் இருக்கிறதே என்றாள். பாப்பாவின் மைலோ கோப்பையில் டின் பாலைக் கால்வாசி ஊற்றி, தட்டின் மேல் வைத்து, அம்மா கிழக்கு எங்கே என்று கேட்டு, குழாய்க்குக் கீழே நீட்டினார். சுடுதண்ணீர் விழுந்தது. நிறைந்தது. விளிம்பு தாண்டித் தட்டில் வழிந்தது.

"பொங்கிருச்சு!" என்று அம்மா கைகூப்ப, பின்னால் தண்ணீர் பிடிக்க நின்ற நாலு பெண்கள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். ஆளுக்கொரு வாய் குடித்தோம். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தாள். டின் பால் கொஞ்சம் அதிகம், ஒரே தித்திப்பு.

அத்தானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஐந்து மணிக்குப் பாப்பாவிடமிருந்து போன்.

"மாமா, வாளி எங்க?"

கோப்பை மட்டும் உருவிக்கொண்டு ஓடி வந்தவன் நான். வாளி எதிர்வீட்டுச் சாமி மேடைக்குக் கீழேயே இருந்தது. மறுநாள் பாப்பாவும் தோழியும் கடைத்தெருவில் 5 வெள்ளி 90 காசுக்குப் பச்சை வாளி ஒன்று வாங்கிவிட்டார்கள். சிவப்பு வாளியை நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாமே என்றேன். பரஸ்தானம் வைத்தது வீட்டுக்குள் திரும்பினால் பிள்ளையின் படிப்பும் திரும்பிவிடும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். விடுதியில் ஆளுக்கொரு வாளிக்குத்தான் இடம் இருக்கிறது என்று பாப்பா நிற்கிறாள்.

டிராக்டர்காரர் வீட்டு அக்கா அதை வாசல் அஞ்சடியில் வைத்து, கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பார்த்தபோது, "தம்பி, பாப்பாவுக்கு எத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டார். மூன்று என்றேன். பரவாயில்லை, செடி அதற்குள் நன்றாக வேர் பிடித்துவிடும் என்றார்.