மட்டக்களப்பில் ஒரு தொடர்கொலை நாவலை எழுதி முடித்த கதை

மட்டக்களப்பைக் களமாக வைத்து ஒரு தொடர்கொலை நாவல் எழுதுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி, "எங்கட ஊரில செத்த ஆக்கள் காணாதெண்டா நீ புதுசா ஆக்களக் கொல்லப்போறாய்?" என்பதுதான். கேட்டவர்கள் பகிடியாகவே கேட்டார்கள். ஆனாலும் எழுதி முடிக்கும்வரை அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. நாவலின் அமைப்பில் நான் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாம் ஏதோ ஒருவகையில் அதற்கான பதிலாகவே அமைந்தன. இந்த வகை நாவலைக் கிழக்கிலிருந்து எழுத நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அது உருவான விதத்தைப் பதிவுசெய்கிறேன். கொலையாளி யார் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

கரு, சட்டத்தரணியான ஒரு நண்பருடன் பேசிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. இலங்கையில் 1871 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள ஒரு கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய தனியார் காணியை ஒருவர் 10 வருடங்கள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராகத் தன்னுடையதாகவே ஆண்டுவந்தால், அந்தக் காணிக்கு அவர் உரிமை கோரலாம். யுத்த காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் வயல்களில் வேறு ஆட்கள் விதைத்தார்கள். 10 வருடங்கள் எளிதாகக் கடந்தன. பிறகு 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தமது காணி உரிமையைக் கோர முடியாமற்போனவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்குத் தொடர 2 வருட அவகாசத்தை அது கொடுத்தது. நண்பர் இதை ஒரு தொழில்சார்ந்த செய்தியாகத்தான் சொன்னார். என் காதில் அது ஒரு கொலைப் பருவத்தின் தொடக்கத் திகதியாகவும் முடிவுத் திகதியாகவும் விழுந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போடியார் என்று அழைக்கப்படும் ஒரு பெரிய வயற்காரரின் குடும்ப வயல். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஊருக்கு வந்து காணி உறுதிப் பத்திரத்தைத் தேடும் உரித்தாளிகள். அந்த 2 வருடங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சாகிறார்கள். ஒரு காணித் தரகர், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு, பழைய பதிவேடுகளுக்குள் கைவைக்கக்கூடிய ஒரு எழுதுவினைஞர் என்று சதிக்குரிய ஆட்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால், காணிக்காகக் கொல்பவனைத் தொடர்கொலையாளி என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே ஆள், வெவ்வேறு சம்பவங்களில், 2 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ கொன்றால் போதும் என்பது அமெரிக்க எஃப்பிஐ நிறுவனம் 2005 இல் கூட்டிய நிபுணர் மாநாட்டில் உருவான வரையறை. பொலிஸாருக்கு அது போதுமாக இருக்கலாம், வாசகருக்குப் போதாது. காணி கிடைத்த பிறகும் நிறுத்த முடியாதவன் ஏன் நிறுத்த முடியாதவன் ஆனான் என்பதற்கு ஒரு வேர் வேண்டும். அந்த வேரைக் குடும்ப இரகசியத்தில் தேடினேன். எங்கள் பகுதியில் குடும்ப இரகசியம் என்றால் அது தாய்வழியாகத்தான் ஓட வேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடி என்பது இங்கே ஒரு வம்சக் குழு. ஒருவருடைய குடி தாயின் குடி. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடியில்தான் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வது கூடப்பிறந்தவர்களுக்குள் செய்வதைப்போல. எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் குடி முறை உண்டு. முக்குவச் சட்டம் என்று அழைக்கப்பட்ட தாய்வழி வாரிசுரிமை 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றத்திலிருந்து வெளியேறிவிட்டது. கோயில் வாசலிலிருந்து வெளியேறவில்லை. ஆகவே என் நாவலின் இரகசியம் இவ்வளவுதான்: அந்தப் போடியார் வீட்டின் மூத்த மகள் அந்த வீட்டுத் தாய்க்குப் பிறந்தவள் அல்லள். அவளுடைய உண்மையான குடி வெளியே தெரிந்தால், அவள் செய்த கலியாணம் தன் சொந்தக் குடிக்குள் செய்த கலியாணமாகிவிடும். அவளுக்குப் பிறந்தவர்கள் ஊரில் தலைநிமிர முடியாது. இதை அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுடைய பட்டியலும் காணி உரித்தாளிகளின் பட்டியலும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

இந்த இரகசியத்தை உடைக்கும் கருவியும் அதற்குள்ளேயே இருந்தது. நம் உயிர்க்கலங்களிலுள்ள இழைமணிக்கென்று தனியாக ஒரு மரபணு உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. குடியும் அப்படித்தான் வருகிறது. புதைத்த எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும்கூட அதை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு சட்ட வைத்தியர் சொன்னபோது, என் கதையை எனக்காக யாரோ முன்கூட்டியே கட்டிவைத்திருப்பதாகத் தோன்றியது. வாசகருக்கு இது அந்நியமாக இருக்குமோ என்ற பயமும் எனக்கு இல்லை. சுனாமிக்குப் பின் கல்முனையில் ஒரு குழந்தையின் பெற்றோர் யார் என்ற வழக்கு 2005 இல் மரபணுப் பரிசோதனையால்தான் தீர்ந்தது. எங்கள் பகுதியில் தேநீர்க் கடைகளில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

கோயில் காட்சியை எழுதுவதற்காகக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்குக்குப் போய் நின்றேன். நான் வளர்ந்த சடங்குதான். ஆனால் கொலை நாவல் எழுதுபவனின் கண்ணோடு அங்கே நின்றது அதுவே முதல் தடவை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பொலித்தீனில் சுற்றிய ஒரு பாடசாலைக் கொப்பியை விரித்து, டோர்ச் வெளிச்சத்தில் குடிகளின் பெயர்களை வரிசைப்படி கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்து தன் குடிக்குரிய மரியாதையை வாங்கினார். ஒரு பெயருக்கு உடனே யாரும் வரவில்லை. வண்ணக்கர் தலையை நிமிர்த்தவில்லை. கொப்பியில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒரு பெயரை மெதுவாகச் சொல்ல, வெற்றிலையை அவசரமாகத் துப்பிவிட்டு ஒரு வயதானவர் ஓடிவந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யாரும் வராமலிருந்த அந்தச் சில கணங்களில், நின்ற அத்தனை பேரும் யாரைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை நான் கவனித்தேன். நாவலின் நடு அத்தியாயம் அதிலிருந்து வந்தது. அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி நேரத்தில் பெண்கள் இடும் குரவையும் பறையொலியும் எவ்வளவு தூரத்துக்கு வேறு சத்தங்களை விழுங்கும் என்பதையும் அன்றிரவே கோயிலைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டேன். அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை ஊகிக்கலாம்.

துப்பறியும் பகுதிக்கு நான் வைத்த விதி ஒன்று: கிழக்கில் ஒரு பிரேதம் கிடைத்தால் உண்மையில் யார் யார் வருவார்களோ அவர்கள்தான் நாவலிலும் வர வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். சந்தேகம் இருந்தால் நீதவான் வருவார். பிரேதம் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். புதைத்ததைத் தோண்டுவதென்றால் நீதவானின் கட்டளை வேண்டும். தனியாகக் காரில் வந்திறங்கி எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் மேதைக்கு இங்கே இடமில்லை. இந்த நடைமுறைகள் கதையின் வேகத்தைக் குறைக்கும் என்று பலர் எச்சரித்தார்கள். எனக்கு அவைதான் கதையைக் கொடுத்தன. உதாரணமாக, 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. ஆகவே, பொலிஸ் நிலையத்து மேசையில் கொலையாளி அழுதுகொண்டு எல்லாவற்றையும் கொட்டித்தீர்க்கும் கடைசி அத்தியாயம் எங்கள் நாட்டில் ஒரு பிரயோசனமும் இல்லாத அத்தியாயம். இதற்கு விதிவிலக்கு 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம்; அதன் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ள ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். சதிகாரர்களுக்கு இது தெரியும். அவர்கள் புனர்வாழ்வு பெற்ற ஒரு முன்னாள் போராளியைப் பிடித்து, கொலைகளுக்கு வேறொரு நிறம் பூசி, வழக்கை அந்தச் சட்டத்துக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவன் கையொப்பமிடும் காட்சிதான் நாவல் முழுவதிலும் எனக்கு எழுதக் கடினமாக இருந்தது. கொலைக் காட்சிகள்கூட அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

வாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை நாவலுக்குள் நான் விடவேயில்லை. மட்டக்களப்பைப் பற்றி எழுதும் எல்லோரும் அதைப் பாடவைத்துவிட்டார்கள். எனக்குத் தேவைப்பட்டது நீரோட்டம். மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்திருக்கும்போது வாவி ஒரு மாதிரி. கோடையில் மணல் மூடிய பிறகு, நீர் அசையாமல் கிடக்கும்போது வேறு மாதிரி. வெப்பமான நீரில் பிரேதம் ஒன்றிரண்டு நாட்களில் மிதந்துவிடும். கோடையில் போட்ட பிரேதம் போட்ட இடத்தைவிட்டு அதிகம் போகாது என்று தோணிக்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார். "மாரியெண்டா எங்க போகுமெண்டு அதுக்கே தெரியாது மகன். கோடையில அது உன்ன விட்டிட்டுப் போகாது," என்றார். அந்த வாக்கியத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தேன், அவருடைய சம்மதத்தோடு. நீரில் கிடந்த பிரேதம் மூழ்கித்தான் செத்ததா, செத்த பிறகு நீரில் போடப்பட்டதா என்பதை உறுதிசெய்வது, பிற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரும் வேலை என்பதைச் சட்ட வைத்தியர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நண்டும் மீனும் முதலில் எதைத் தின்னும் என்பதையும் சொன்னார். பின்னதை நாவலில் ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். என் கொலையாளிக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெருந்துயரம் தேவைப்பட்டது. பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் இறக்கும்போது ஒரு தனிக் கொலையை அதற்குள் மறைத்துவிடலாம். நான் அவனுக்குக் கடலைக் கொடுத்தேன்: 2004 டிசம்பர் 25 இரவு ஒரு பெண் கொல்லப்படுகிறாள், மறுநாள் காலை அலை வருகிறது, அவள் சுனாமியில் இறந்தவளாகப் பதியப்படுகிறாள். மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி, என்பதால் அன்றிரவு நிலவு பகல் போல எரிந்திருக்கும். அந்த நிலவில் ஒருத்தி அவனைக் கண்டிருக்கிறாள் என்பது பின்னால் வரும் திருப்பம். கல்லடி, நாவலடிப் பக்கத்தில் உறவுகளை இழந்த வீடுகளில் இதை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அலை வரும் காலையை நான் விவரிக்கவில்லை; அத்தியாயம் இரவோடு முடிகிறது.

யுத்தத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. போடியாரின் இளைய மகன் 1990 இல் காணாமற்போனவன். கதையின் கணக்குப்படி அவனையும் கொலையாளியின் கையில் சேர்ப்பது மிக எளிது. அப்படிச் சேர்த்தால் முடிச்சுகள் எல்லாம் ஒரே இழுப்பில் அவிழும். கையெழுத்துப் பிரதியை வாசித்த சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அதைத்தான் கேட்டார். அல்லது அவனே உயிரோடு திரும்பி வந்து கொலையாளியாக நிற்கட்டும், அது இன்னும் நல்ல அதிர்ச்சி என்றார். தொழிலறிந்த மனிதர், அவருடைய கண்ணோட்டத்தில் அது சரியான ஆலோசனை. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இன்னும் வீதியோரத்தில் இருக்கும் தாய்மாருக்கு, அவனைக் கொண்டுபோனது யார் என்பதற்கு ஒரு துப்பறியும் நாவலில் விடை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. 2010 இல் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறச் சட்டம் வந்தபோதும் வாங்க மறுத்த குடும்பங்கள் உண்டு. பிறகு 2016 இல், மரணம் என்று சொல்லாமல், காணப்படாமையை மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழிசெய்தார்கள். நாவலில் அந்தத் தாய் இந்த இரண்டாவதையும் வாங்குவதில்லை. எல்லா மரணங்களும் துலங்குகின்றன. இளைய மகன் மட்டும் கடைசிப் பக்கத்திலும் காணாமற்போனவனாகவே இருக்கிறான்.

மொழி விடயத்தில் அதிகம் தடுமாற வேண்டியிருக்கவில்லை: விவரணை எழுத்துத் தமிழில், பேச்சு ஊர்த் தமிழில். இந்தியப் பதிப்புக்காக "மறுகா" என்பதை "பிறகு" என்று மாற்றலாமா என்று கேட்டார்கள், மாட்டேன் என்றேன். குடிகளின் பெயர்களைக் கற்பனையாகவே வைத்தேன். காலிங்காகுடி, படையாண்டகுடி என்று நடைமுறையில் இருக்கும் ஒரு பெயரை வைத்திருந்தால், புத்தகம் கொலையாளியைப் பற்றியதாக இருக்காது, வழக்காக இருந்திருக்கும். அப்படியிருந்தும் என் மாமி ஒருவர் பாதி வாசித்துவிட்டுத் தொலைபேசியில், "இது களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆக்கள்தானே, எனக்குத் தெரியும்," என்றார். எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. ஆரையம்பதியில் இருந்தும் ஒருவர் அதே உறுதியோடு வேறொரு குடும்பத்தைச் சொன்னார்.

சென்னைப் பதிப்பாளரோடு நல்ல முறையில் விலகிக்கொண்டு, புத்தகத்தை இங்கேயே அச்சிட்டேன். நூலுக்கான சர்வதேச எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடமிருந்து பெற்றதைத் தவிர வேறு அலுவலக வேலை அதிகம் இருக்கவில்லை. தாளின் விலைதான் படுத்தியது. முதலில் வாசித்த சட்டத்தரணி நண்பர் புத்தகத்தில் குறித்து அனுப்பியிருந்தது ஒரே ஒரு இடத்தைத்தான்: மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கும் பக்கத்தின் ஓரத்தில், "1976 க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. உன்னுடைய ஆள் இன்னும் உள்ளேதான் இருப்பான், இரண்டாம் பாகம் எழுதலாம்," என்று பென்சிலால் எழுதியிருந்தார். எழுதுவதாக இல்லை என்று அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன்.