மலைக்குக் கட்டிய மூட்டையோடு கல்லணையிலிருந்து பூம்புகார் வரை

மன்னார்குடியில் உள்ள பெரியப்பாவின் மளிகைக் கடைத் தராசில் என் முதுகுப்பையை ஏற்றி வைத்தபோது அது 4 கிலோ 800 கிராம் காட்டியது. உணவும் தண்ணீரும் சேராத எடை அது. மலையேறுகிறவர்கள் இதை அடிப்படை எடை என்பார்கள். ஏனென்றால் உணவும் தண்ணீரும் வழியில் குறைந்துகொண்டே வரும், மற்றவை முதல் நாள் போலவே கடைசி நாளிலும் தோளில் இருக்கும். இந்த எடை பத்து பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் அதை மிக இலகுவான மூட்டை என்று கணக்கிடுவது வழக்கம். நான் 300 கிராம் தூரத்தில் இருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உத்தராகண்டில் சாங்க்ரி என்ற ஊரிலிருந்து கேதார்காந்தா சிகரத்துக்கு ஏறியபோது என் முதுகில் 16 கிலோ இருந்தது. அதில் வெறும் பை மட்டுமே 2 கிலோ 600 கிராம். சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை ஏறிவிட்டேன், இறங்குவதுதான் முடியவில்லை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உடம்பின் எடையோடு மூட்டையின் எடையும் சேர்ந்து முழங்காலில் இறங்கியதால், சாங்க்ரியை அடைந்த அன்று இரண்டு முழங்கால்களும் வீங்கிப்போய், படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. வரும் ஏப்ரலில் மீண்டும் அங்கே போவதென்று முடிவு செய்தவுடன், புதிதாகச் சேர்த்த மூட்டையை முதலில் நம் மண்ணில் சுமந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை, காவிரிக் கரையோடு, ஏறத்தாழ 120 கிலோமீட்டரை ஆறு நாளில் நடப்பதென்று திட்டமிட்டேன்.

இந்த நடை மலையேற்றத்துக்கான பயிற்சி ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லணை கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடல் வரை கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான் சரிவு. அதைக் கால் உணராது, தண்ணீர்தான் உணரும். நான் சோதிக்க விரும்பியது தொடையின் வலிமையை அல்ல. பையின் வார் தோளை அறுக்கிறதா, இரவில் எது தேவைப்படுகிறது, எது பையின் அடியிலேயே கிடக்கிறது என்பவற்றைத்தான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் புறப்பட்டேன். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கமாதலால், ஆற்றில் அப்போது நீர் வடிந்துகொண்டிருந்தது. சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு இடது தோளில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் வலது தோளில் ஒரு புட்டியுமாக நடக்கத் தொடங்கினேன். அவலும் வெல்லமும் வேர்க்கடலையும் ஒரு கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர் என்பதால் இரண்டு கிலோ. ஆக மொத்தம் முதுகில் 7 கிலோ 800 கிராம்.

முதல் நாள் ஒரு மதகருகில் லஸ்கர் ஒருவர், அதாவது மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசனப் பணியாளர், என்னை நிறுத்தினார். "எங்க தம்பி, பழனிக்கா? பழனி மேற்கேல்ல இருக்கு, நீங்க கிழக்கே போறீங்களே" என்று உண்மையான கவலையோடு கேட்டார். தை மாதத்தில் பையோடு நடப்பவரைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் வேறு எதுவும் தோன்றாது. பூம்புகாருக்கு என்று சொன்னதும் என் பையைத் தூக்கிப் பார்த்தார். பழனிக்குப் பதினோரு முறை நடந்தவராம். "ஒரு வேட்டி, ஒரு போர்வை, ஒரு துண்டு, திருநீற்றுப் பை. அவ்வளவுதான் தம்பி நான் எடுத்துட்டுப் போறது" என்றார். இலகுவாக நடப்பது எங்கிருந்தோ வந்த புதுக்கலை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பட்டியல் நெடுநேரம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தம் 67ஆவது வயதில் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் என்ற பாட்டி, தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ராணுவப் போர்வையும், மழைக்குப் போர்த்திக்கொள்ளக் குளியலறைத் திரை ஒன்றும் எடுத்துக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் காலணியில் நடந்தார். அவரும் இந்த லஸ்கரும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

திருக்காட்டுப்பள்ளியருகே குடமுருட்டி பிரிகிறது. அதைத் தாண்டி, படுகையில் ஒரு திறந்த இடத்தில் முதல் இரவு தங்கினேன். தவறு அங்கேதான் நடந்தது. ஆற்றுக்கு நெருக்கமாக, தலைக்கு மேல் மரம் ஏதுமில்லாத இடத்தில் நைலான் விரிப்பைக் கூடாரமாகக் கட்டினேன். தைப்பனியைப் பற்றி இங்கே பிறந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் அதை மறந்துவிட்டேன். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மெல்லிய துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் இரு பக்கமும் நீராகப் படிகிறது. விடியலில் விரிப்பின் உட்புறத்திலிருந்து சொட்டிய நீர் என் ஸ்லீப்பிங் பேக்கின் மேல்துணியை நனைத்திருந்தது. உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் அந்தப் பை வாத்தின் மென்னிறகு அடைத்தது. நனைந்தால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும். அதன் பிறகு அது வெறும் ஈரத்துணிதான். இங்கே அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை, வெயில் ஏறியதும் கரையில் காயவைத்தேன். மலையில் இதே தவறு ஓர் இரவு முழுவதையும் உயிருக்கு ஆபத்தானதாக்கியிருக்கும்.

இரண்டாம் நாள் காலைதான் காலணியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பனியில் ஊறிய வண்டல் மண் அடியில் ஒட்டி, பத்து நிமிடத்துக்கொரு முறை குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. காலில் கூடுகிற எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி, முன்னே வீசி, நிறுத்த வேண்டும். ஆகவே அது முதுகில் கூடும் அதே எடையைவிடப் பல மடங்கு உழைப்பை வாங்குகிறது. கேதார்காந்தாவுக்கு நான் அணிந்துபோன தோல் பூட்ஸ் ஜோடி ஒன்றரைக் கிலோ. பையில் கிராம் கிராமாகக் குறைத்துவிட்டுக் காலில் அதைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

திருவையாற்றைத் தாண்டி, வாழைப் படுகைகளும் அறுத்த வயல்களும் மாறி மாறி வரும் பகுதியில் இருட்டிவிட்டது. ஒரு களத்தில் நெல்லை மூடிக்கொண்டிருந்த குடும்பத்தாரிடம் கேட்டபோது அங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வீட்டு அம்மா என் நுரைப்பாயைப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிப்பா படுப்பே, தரைக் குளிரு ஏறாது?" என்று கேட்டு, இரண்டு கை நிறைய வைக்கோலை அள்ளிவந்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார். அதன்மேல் துண்டை விரித்து, வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். ஸ்லீப்பிங் பேக் பையிலேயே இருந்தது. விடியும்வரை குளிரவில்லை.

அன்றிரவு விழித்துக்கொண்டு நெடுநேரம் இதைத்தான் யோசித்தேன். வைக்கோல் சூடானதல்ல, இறகும் சூடானதல்ல. இரண்டும் அசையாத காற்றைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அந்தக் காற்றுதான் உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. வைக்கோலின் வேலையை மடித்து உள்ளங்கை அகலப் பைக்குள் திணிக்கக்கூடிய வடிவில் செய்வதால்தான் இறகுக்கு அத்தனை விலை. களத்தில் வைக்கோல் இருக்கும்போது இறகை ஏன் சுமக்க வேண்டும்? அப்படியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கும் நாட்டில் அடுப்பும் எரிவாயுவும் எதற்கு? பம்புசெட்டும் அடிபம்பும் இருக்கும் வழியில் இரண்டாவது லிட்டர் எதற்கு? படித்துறை மண்டபம் இருக்கையில் கூடாரம் எதற்கு? எங்கள் நிலம் தருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றை நான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த லஸ்கரின் பட்டியல் அத்தனை சிறியதாக இருந்ததற்குக் காரணம் அவருடைய மன உறுதி மட்டுமல்ல. பழனிச் சாலை எதைத் தரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் வந்து அத்தை வீட்டில் தங்கினேன். ஸ்லீப்பிங் பேக் 1,100 கிராம், அடுப்பும் பாத்திரமும் 400 கிராம். இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு 3 கிலோ 300 கிராமோடு புறப்பட்டேன். கல்லணையில் அகன்று கிடந்த காவிரியும் கிளைகளுக்கு நீரைக் கொடுத்துக் கொடுத்து இங்கே பாதியாக ஒடுங்கியிருந்தது. ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று அடுத்த இரண்டு நாட்களும் எந்தச் சிரமமுமின்றிக் கழிந்தன. துலாக்கட்டத்தில் காலை நனைத்துக்கொண்டு ஊறவைத்த அவலை உண்டேன். அவலுக்குக் கொதிநீர் வேண்டாம் என்பது மலைக்கும் பொருந்தும் நல்ல குணம். கேதார்காந்தா உச்சியின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே சோறு வேக நெடுநேரம் ஆகும், எரிவாயுவும் வீணாகும்.

ஆறாம் நாள் மேலையூரில் கடைசிக் கதவணையைக் கடந்து, வாய்க்கால் அளவுக்குச் சிறுத்துவிட்ட காவிரியோடு பூம்புகார்க் கடற்கரையை அடைந்தேன். முழங்கால் வலிக்கவில்லை.

மன்னார்குடிக்குத் திரும்பிய மறுநாள், அத்தை வீட்டிலிருந்து எடுத்துவந்தவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் கடைத் திண்ணையில் பரப்பினேன். கேதார்காந்தா வைக்கோல் தராது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், உயரத்தால் மட்டுமே அந்த உச்சி எங்கள் ஊரைவிட ஏறத்தாழ 25 டிகிரி குளிர்ந்தது. ஆகவே ஸ்லீப்பிங் பேக் திரும்பவும் உள்ளே போயிற்று, இம்முறை நீர்புகா உறைக்குள். பனியை உருக்கிக் குடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அடுப்பும் போயிற்று. டெல்டாவில் அத்தனை உதவிய பருத்தி வேட்டியும் துண்டும் மாற்றுச் சட்டையும் வெளியே வந்தன. நனைந்த பருத்தி குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பெரிய பவர் பேங்கும் வெளியே. இவற்றால் 500 கிராம் குறைந்தது. கம்பளி உள்சட்டை, குல்லாய், கையுறை ஆகியவற்றால் 600 கிராம் கூடியது.

தராசு 4 கிலோ 900 கிராம் காட்டியது. ஆறு நாள் நடந்து நூறு கிராமைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் இப்போது அந்தப் பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஏன் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். பெரியப்பா அந்த எண்ணைத் தம் பற்று வரவு நோட்டின் ஓரத்தில் தேதியோடு குறித்துக்கொண்டு, ஏப்ரலில் திரும்பி வந்ததும் பையை நேரே கடைக்குக் கொண்டுவரச் சொன்னார்.