சா கலோப்ரா: இறங்கிவிட்டு ஏறும் மலை

பெங்களூரு அல்சூரிலிருந்து விடியுமுன் கிளம்பி நந்தி மலை ஏறிப் பழகிய எங்கள் சைக்கிள் குழுவினருக்கு, ஸ்பெயினின் மயோர்கா தீவிலுள்ள சா கலோப்ரா சாலை தலைகீழாகவே தோன்றியது. சுமார் 680 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து கடற்கரைவரை சைக்கிளில் இறங்கிவிட்டு, வேறு சாலை இல்லாததால் அதே வழியில் ஏறியாக வேண்டும். அந்தோனியோ பரியெத்தி வடிவமைத்து 1932-இல் முடிந்த இச்சாலை, ஓரிடத்தில் கழுத்துப்பட்டை முடிச்சைப் போலச் சுற்றி வளைந்து, தனக்கடியிலேயே நுழைந்து செல்கிறது. ஏற்றம் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 சதவீதம். சுண்ணாம்புப் பாறைகள் வெயிலை முகத்தில் திருப்பியடிக்க, மூக்குநுனி வியர்வை ஹேண்டில்பாரில் சொட்டிக்கொண்டே இருந்தது. நந்தியின் கடைசி வளைவுகள் இதைவிடச் செங்குத்து என்பதே என் கருத்து (நண்பர்கள் ஒப்புவதில்லை). சுற்றுலாப் பேருந்துகள் வளைவுகளை அடைத்துக்கொள்வதால், போகிறவர்கள் காலையிலேயே இறங்கிவிடுவது நல்லது.