டெனிசனின் அளவுகோல்

ஆரன் லஃப்கின் டெனிசன் அமெரிக்காவில் தொடங்கிய பாக்கெட் கடிகார நிறுவனங்களில் ஒன்றுகூட அவர் கையில் தங்கவில்லை. ஆனால் அவர் பிடித்த வழி தங்கிவிட்டது.

1812இல் மெய்ன் மாநிலத்து ஃப்ரீபோர்ட்டில் பிறந்தவர். கடிகார வேலை கற்று பாஸ்டனுக்கு வந்தார். பழுதுபார்க்க வந்த கடிகாரங்களில் அவர் கண்ட குறை ஒன்றுதான்: ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் பொருந்தாது. ஒவ்வொன்றும் அரத்தால் ராவி, அதனதன் இடத்துக்கென்றே பொருத்தப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் துப்பாக்கிப் பாகங்களை இயந்திரத்தால் ஒரே அளவில் செய்து, ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட்டார்கள். அதைக் கடிகாரத்துக்கும் செய்யலாம் என்று நம்பினார்.

எட்வர்ட் ஹோவர்டும் டேவிட் டேவிஸும் சேர, சாமுவேல் கர்டிஸ் பணம் போட, 1850 வாக்கில் ராக்ஸ்பரியில் வேலை தொடங்கியது. முதலில் இரண்டு பேரல் (மெயின்ஸ்பிரிங் என்ற சுருள்வில்லை அடக்கிய உருளைப்பெட்டி) வைத்து எட்டு நாள் ஓடும் கடிகாரம் செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. மெயின்ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது தரும் விசையைத் தளர்ந்தபின் தராது. ஓட்டம் நீள நீள அந்த ஏற்ற இறக்கமும் கூடும். தினம் சாவி கொடுக்கும் வகைக்குத் திரும்பினார்கள். ஆங்கிலேயக் கடிகாரங்களில் இந்த விசையைச் சீராக்க இருந்த கூம்புருளையும் நுண்சங்கிலியும் இதில் இல்லை. பேரலின் விளிம்பிலேயே பல் வெட்டியிருக்கும். அதுவே சக்கரங்களை ஓட்டும். பாகங்கள் குறைந்ததுதான் பெரிய லாபம். ராக்ஸ்பரியின் தூசி தாங்காமல் 1854இல் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் வால்தத்துக்குப் போனார்கள்.

பாகங்களை மாற்றிப் போடுவது உடனே முழுமையாகக் கைகூடவில்லை, இதைப் பலர் சொல்வதில்லை. பாகங்களைத் தாங்கும் தகடான பிளேட்டையும் சக்கரத்தையும் இயந்திரம் ஒரே அளவில் தரும். பிவட்டும் (அச்சின் மெல்லிய முனை) அது சுழலும் மாணிக்கக் கல்லின் துளையும் அப்படியல்ல. மயிரிழை கூடினால் இறுக்கம், குறைந்தால் ஆட்டம். அதனால் பிவட்டை அளந்து, அதற்கேற்ற துளையுள்ள கல்லைத் தேர்ந்து, இரண்டு அளவையும் கடிகாரத்தின் வரிசை எண்ணுக்கு எதிரே பதிந்து வைத்தார்கள். பின்னாளில் கல் உடைந்தால் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும்.

1857இல் நிறுவனம் திவால். ராயல் ராபின்ஸ் ஏலத்தில் 56,500 டாலருக்கு எடுத்தார். டெனிசன் சில ஆண்டுகள் அங்கேயே மேற்பார்வையாளராக இருந்து விலகினார். 1864இல் ட்ரெமான்ட் நிறுவனம்: நுண்பாகங்கள் சூரிச்சிலிருந்து, பிளேட்டும் பேரலும் பாஸ்டனில். நல்ல கணக்கு அது. எல்லாவற்றையும் உள்ளூரிலேயே செய்யலாம் என்று பங்காளிகள் அவர் சொல் கேளாமல் மெல்ரோஸுக்கு மாற்றினார்கள், 1868இல் மூடல். பிறகு பர்மிங்ஹாமில் கடிகாரக் கூடு செய்யும் தொழில்தான் அவருக்குக் கைகொடுத்தது. 1895இல் அங்கேயே இறந்தார்.

பழைய வால்தம் கடிகாரம் கையில் கிடைத்தால், அதன் அளவெண் தெரியக் கூட்டை அளக்காதீர்கள். டயல் பக்கத்துப் பிளேட்டின் விட்டத்தை அளக்க வேண்டும். அமெரிக்க அளவுமுறையில் சுழிய அளவு 1 5/30 அங்குலம். ஒவ்வோர் எண்ணுக்கும் 1/30 அங்குலம் கூடும். 18 அளவென்றால் 1 23/30 அங்குலம், ஏறத்தாழ 44.9 மில்லிமீட்டர்.