12 மாடி, 120 ஜன்னல்

பள்ளியில் நிகழ்தகவு முறையான பாடமாக வருவது உயர்நிலைக்குப் போன பிறகுதான். தொடக்கநிலை 4, 5 பிள்ளைகளிடம் அதைப் பின்னம் போட்டு ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். ராத்திரி எட்டு மணிக்கு எதிர் புளோக்கை, அதாவது எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தை, பார்க்கச் சொல்லுங்கள். சில வீட்டில் விளக்கு எரியும், சில வீட்டில் எரியாது. அதை ஸ்கிராட்சில் (கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்திப் பிள்ளைகள் நிரல் எழுதும் மென்பொருள்) வரைவதுதான் முதல் வேலை.

ஸ்கிராட்ச் மேடை, அதாவது படம் தெரியும் பரப்பு, 480-க்கு 360. பின்னணியில் கருநீலத்தில் புளோக்கை வரைந்துவிடலாம். ஸ்பிரைட் (மேடையில் நகர்த்தக்கூடிய உருவம்) ஒன்று போதும்: 24-க்கு 16 அளவில் மஞ்சள் ஜன்னல். எக்ஸ் (இடவல நிலை) -180-இல் தொடங்கி 40, 40 ஆகத் தள்ளினால் மாடிக்கு 10 ஜன்னல். ஒய் (மேல்கீழ் நிலை) -140-இல் தொடங்கி 26, 26 ஆக ஏறினால் 12 மாடி. ஒவ்வோர் இடத்திலும் 'பிக் ரேண்டம் 1 டு 10': 1 முதல் 10 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். வந்த எண் 4-ஐ விடக் குறைவு என்றால் 'ஸ்டாம்ப்', அதாவது ஜன்னலை அங்கே அச்சாகப் பதிக்கும் கட்டளை. 1, 2, 3 மூன்றும் தேறும், ஆக 10-க்கு 3. பல பிள்ளைகள் '3-ஐ விடக் குறைவு' என்று போட்டுவிட்டு, விளக்கு ஏன் குறைகிறது என்று முழிப்பார்கள்.

நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்தும் முன் ஒரு தாளில் 120 கட்டம் போட்டு, அதில் இஷ்டப்படி 36 கட்டத்துக்கு (10-க்கு 3 என்றால் 120-க்கு 36) மட்டும் பிள்ளையே மஞ்சள் அடிக்கட்டும். நேரமில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள், பாடமே இதில்தான் இருக்கிறது. கையால் அடித்த மஞ்சள் பெரும்பாலும் கோலப்புள்ளி மாதிரி பரவலாக இருக்கும். திரையிலோ ஒரு மூலையில் கொத்தாக எரியும், இன்னொரு மூலை இருண்டு கிடக்கும். 'இது ரேண்டமே இல்லை' என்று புகார் வரும். உடனே பதில் சொல்லாமல் எண்ண வைக்கலாம். ஒரு மாடியில் அடுத்தடுத்து மூன்று ஜன்னல் அமைய 8 இடம், 12 மாடிக்கு 96 இடம். மூன்றும் எரிய 0.3 × 0.3 × 0.3, அதாவது 0.027. பெருக்கினால் 2.6. மும்மூன்றாக எரிவது ஒரு படத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று இடத்தில் நடக்கும். அது இல்லாத தாள்தான் சந்தேகத்துக்குரியது!

மொத்தம் எத்தனை எரிகிறது என்று ஒரு வேரியபிளில் (எண்ணைச் சேமித்து வைக்கும் பெட்டி) எண்ணி, 10 முறை ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 31-க்கும் 41-க்கும் நடுவில் ஏழு முறை போல விழும். சரியாக 36 வருவது 12 முறைக்கு ஒன்றுதான்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, தொடக்கத்தில் 'எரேஸ் ஆல்' (பதித்ததையெல்லாம் அழிக்கும் கட்டளை) போட மறப்பது. பழைய ஜன்னல்மேல் புதிது ஏறும். இரண்டாவது ஓட்டத்தில் 61 போல, மூன்றாவதில் 79 போல எரியும். அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். மூன்று ஓட்டத்திலும் இருட்டாகவே இருக்க 0.7 × 0.7 × 0.7, அதாவது 0.343. மீதி 0.657. 'ஒரு முறையாவது' கணக்கு தானாகவே வந்து நிற்கிறது.

அடுத்து நான்கு நிறத் திரைச்சீலை. பிள்ளைகள் எழுதுவது இப்படி: பிக் ரேண்டம் 1 டு 4 ஒன்றா, சிவப்பு, இல்லையென்றால் பிக் ரேண்டம் 1 டு 4 இரண்டா, நீலம், இல்லையென்றால் மறுபடி ஒரு பிக் ரேண்டம், மூன்றா, பச்சை, எதுவுமில்லை என்றால் ஊதா. ஊதா பொங்கி வழியும். ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக உருட்டியதுதான் காரணம். சிவப்பு 16/64, நீலம் 12/64, பச்சை 9/64, ஊதாவுக்கு மிஞ்சுவது 27/64. ஒரே முறை உருட்டி வேரியபிளில் வைத்துக்கொண்டு அதையே நான்கு முறை கேட்டால் சரியாகிவிடும்.

இதற்குப் பிறகு தாயக்கட்டை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3; இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் 12. 'பிக் ரேண்டம் 0 டு 6' என்று ஒரே உருட்டாக எழுதினால் எல்லாம் சமமாக வரும், ஆட்டமே கெட்டுவிடும். 0 டு 3 இரண்டைக் கூட்ட வேண்டும். 16 விழுகையில் தாயம் (அதாவது ஒன்று) 2 முறை, இரண்டு 3 முறை, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. 480 முறை உருட்டி, முறைக்கு ஒரு பிக்சல் உயர்த்திப் பட்டை வரைந்தால் மூன்றின் பட்டை 120-ஐ ஒட்டி நிற்கும், பன்னிரண்டு 30-ஐ ஒட்டி. வீட்டுக்கு வீடு ஆட்ட விதி மாறும், இந்த எண்கள் மாறாது. பி5.ஜேஎஸ்-இல் (ஜாவாஸ்கிரிப்டில் படம் வரைய உதவும் நிரல் தொகுப்பு) எழுதும் பெரிய பிள்ளைகள் ரேண்டம் 0, 3 தரும் தசம எண்ணை 'ரவுண்ட்' செய்வார்கள், அதாவது அருகிலுள்ள முழு எண்ணாக்குவார்கள். அப்போது 0-க்கும் 3-க்கும் பாதி வாய்ப்புதான் கிடைக்கும். ரேண்டம் 4-ஐ 'ஃப்ளோர்' செய்வதே, அதாவது தசமத்தை வெட்டிவிடுவதே, சரி.

எட்டு முறை தாயம் விழவில்லை, ஒன்பதாவது விழுந்தே ஆகும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். சோதிக்க 'வறட்சி' என்று ஒரு வேரியபிள். தாயம் விழாவிட்டால் ஒன்று கூடும், விழுந்தால் பூஜ்யம். வறட்சி 7-ஐத் தாண்டியிருக்கும்போது போட்ட உருட்டுகளை மட்டும் தனியாக எண்ண வேண்டும். 480 உருட்டு போதாது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பச்சைக் கொடியை அழுத்தி டர்போவில் (வேகமாக ஓட்டும் முறை) 4,800 ஓட்டுங்கள். அப்படிப்பட்ட உருட்டு 1,650 போலக் கிடைக்கும், அதில் தாயம் 206 போல. அதே எட்டில் ஒன்று. தாயம் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் வரிசை தப்பியிருக்கிறது: வறட்சியை முதலில் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு எண்ணியிருப்பார்கள். அந்த வரியைக் கடைசிக்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.