ஊசி போட்ட நேரம் என்ன? பாம்புக்கடி வார்டில் ஓர் அட்ரினலின் ஆய்வு

குறுவை அறுப்பும் சம்பா நடவும் நடக்கும் மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து மருத்துவமனைகளில் ஏ.எஸ்.வி. குப்பிகள் வேகமாகக் காலியாகும். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த விஷமுறிவு மருந்து, சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அப்போது உயிர்காக்கும் அட்ரினலின் ஊசி எத்தனை நிமிடத்தில் போடப்படுகிறது என்பதைப் பதிவுசெய்வதுதான் ஆய்வு. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு, சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறோம்.

ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியில் நிச்சயம் வரும் கேள்வி: "ஒப்பிட்டுப் பார்க்க அட்ரினலின் போடாத குழு எங்கே?" கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு உப்புநீர் ஏற்றிச் சோதிக்க யாருக்கும் உரிமையில்லை. 2008இல் காக்ரேன் திறனாய்வு (ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடுவது) தேடியபோது இப்படிக் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்காததற்கும் இதுவே காரணம். கையில் இருப்பது மருந்து உடலில் ஏறும் வேகத்தை அளந்த ஆய்வுகள். 1998இல் குழந்தைகளிடம் பார்த்ததில், தொடைத் தசையில் போட்டால் சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்ச அளவு. தோலுக்கடியில் போட்டால் 34. வருமுன் தடுப்பது வேறு கணக்கு. ஒவ்வாமை இன்னும் தொடங்காததால் இலங்கையில் 1007 பேரைக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஏ.எஸ்.வி.க்கு முன் 0.25 மில்லி அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டதில், முதல் ஒரு மணி நேரத்தின் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது (2011). சிகிச்சை, தடுப்பு இந்த இரண்டையும் குழப்பினால் கமிட்டி கோப்பைத் திருப்பி அனுப்பும்.

சம்மதப் படிவத்தைச் சிகிச்சை முடிந்தபின் நீட்டுவதற்கும் கமிட்டியின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சி. "ஆராய்ச்சி" என்றதும், "எங்க ஆள் மேலயா சோதிச்சுப் பாத்தீங்க, சிஸ்டர்?" என்பார்கள். "இல்லம்மா, எல்லாருக்கும் போடுற ஊசிதான். போட்ட நேரத்தை எழுதிக்கலாமான்னு கேக்குறோம்" என்றால் புரியும்.

பெரிய தலைவலி அந்த நேரம்தான். கேஸ் ஷீட்டில் ஏ.எஸ்.வி. தொடக்கம், தடிப்பு, ஊசி மூன்றும் 10.30 என்றிருக்கும். சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், செல்போன் வேறு சொல்லும். ஒரே கடிகாரம் என்று முடிவுசெய்து, ஊசி போட்டவரே பிளாஸ்திரித் துண்டில் நிமிடத்தை எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டட்டும். படிவத்தைப் பிறகு நிரப்பலாம்.

வரையறையிலும் கவனம் தேவை. வெறும் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வேறு வகை எதிர்வினை. கண்ணாடி விரியன் விஷமே பி.பி.யை இறக்கும், கட்டுவிரியன் மூச்சை முடக்கும். உடம்பெல்லாம் தடிப்பு, வீசிங், முகவீக்கம், வாந்தி எது எப்போது வந்தது என்று தனித்தனியாகக் குறிக்காவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது.

தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் வையுங்கள். அவிலும் (அலர்ஜி மருந்து) ஹைட்ரோகார்டிசோனும் (ஸ்டீராய்டு) அட்ரினலினுக்கு முதலில் போனது தெரியவரும். மூச்சுக்குழாய் வீக்கத்தையும் விழும் பி.பி.யையும் அவை உடனே சரிசெய்யாது. ரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசியா என்ற தயக்கமும் தெரியவரும். போட்ட இடத்தை அழுத்திப் பிடித்தால் ஆகிற காரியத்துக்கு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கடும் ஒவ்வாமை வந்தால் முதலில் ஏ.எஸ்.வி. ட்ரிப்பை நிறுத்தி, ஆளைப் படுக்கவைத்து, பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லி (ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள ஆம்பூல், அதாவது சிறு கண்ணாடிக் குப்பி), தொடையின் வெளிப்பக்க நடுவில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, 10 கிலோ என்றால் 0.1. சரியாகாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. அடங்கியதும் ஏ.எஸ்.வி.யை மெதுவாகத் தொடர வேண்டும், விஷம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். அதன் ஊசி குட்டை, தசைக்கு எட்டாது. மில்லிக்கு 40 யூனிட் கோடு போட்ட அந்த சிரிஞ்சில் 0.1 மில்லி என்பது 4 யூனிட், அவசரத்தில் 10 என்று இழுத்துவிடுவார்கள்.

ட்ரேயில் இரண்டு ஆம்பூல், 1 மில்லி சிரிஞ்ச் இரண்டு, ஒரு அங்குல 23 கேஜ் ஊசி, பிளாஸ்திரி, நூலில் கட்டிய பேனா. ஷிஃப்ட் மாறும்போது ஆம்பூலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வையுங்கள்.