41வது ஓட்டு

போன சனிக்கிழமை காரை ஸ்மாக் செக்குக்கு, அதாவது புகைச் சோதனைக்கு, எடுத்துட்டுப் போனேன். கலிஃபோர்னியால பெட்ரோல் கார் 8 வயசு தாண்டிடுச்சுன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சடங்கு உண்டு, சர்ட்டிஃபிகேட் இல்லன்னா ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு வயரைச் சொருகினார், பானெட்டைத் தூக்கிப் பாத்தார், அவ்ளோதான். அவர் பில் போடப் போன கேப்ல பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிச்சிட்டு நின்னேன். இந்த வண்டி அமெரிக்க மத்திய அரசு விதிக்கும் கலிஃபோர்னியா விதிக்கும் பொருந்தும்னு போட்டிருக்கு. நாட்டுச் சட்டம் சரி, அது பக்கத்துல ஒரு மாநிலத்தோட பேரு எதுக்கு?

ராத்திரி அப்பாகிட்ட போன்ல இதைச் சொல்லப் போய், கார் புகைக்குச் சட்டம் கொண்டு வந்த கலிஃபோர்னியா எம்எல்ஏ ஃப்ரான் பேவ்லி கதை முழுசா சொல்ல வேண்டியதாப் போச்சு. அதை இங்கயும் எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

முதல்ல அந்த ஸ்டிக்கர். லாஸ் ஏஞ்சலஸ்ல புகைமூட்டம் கண்ணை எரிச்ச காலத்துலயே, டெல்லிக்கு மாதிரி வாஷிங்டனுக்குக் காத்திருக்காம கலிஃபோர்னியா தானே 1966ல கார் புகைக்கு விதி போட்டுடுச்சு. அடுத்த வருஷமே இதுக்குன்னு ஏர் ரிசோர்சஸ் போர்டுன்னு ஒரு வாரியமும் வந்துச்சு. அப்புறம் மத்தியச் சட்டம் வந்தப்ப, மத்த மாநிலமெல்லாம் கார் புகைக்குத் தனி விதி போடக்கூடாது, கலிஃபோர்னியா மட்டும் மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சிகிட்ட விலக்கு வாங்கிட்டுப் போட்டுக்கலாம்னு எழுதிட்டாங்க. கலிஃபோர்னியா போட்டதை மத்த மாநிலங்க வேணும்னா அப்படியே எடுத்துக்கலாம், ஆனா ஒரு வரி மாத்தக்கூடாது. ஒரு மாநில எம்எல்ஏ எழுதுற மசோதாவுக்கு டெட்ராய்ட்ல இருக்குற கார் கம்பெனி ஏன் பயப்படுதுன்னா இதனாலதான்.

ஃப்ரான் பேவ்லி ஸ்கூல் டீச்சர். கிட்டத்தட்ட 30 வருஷம் மிடில் ஸ்கூல் பசங்களுக்குப் பாடம் எடுத்தவங்க. லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்க அகோரா ஹில்ஸ்னு ஒரு ஊர் 1982ல தனி நகரமா ஆனப்ப அதுக்கு முதல் மேயர். 2000ல டெமாக்ரடிக் கட்சி சார்பா மாநில சட்டசபைக்கு ஜெயிச்சு வந்தாங்க. வந்த முதல் வருஷமே கார்லேர்ந்து வர்ற கார்பன் டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா. அமெரிக்காவுல அதுவரைக்கும் எந்த மாநிலமும் அதைத் தொட்டதே இல்ல.

இங்கதான் அப்பா குறுக்க வந்தார். "ஏம்மா, ஒரு எம்எல்ஏ தனியா எப்படிம்மா சட்டம் கொண்டு வருவாங்க? மந்திரி சும்மா விடுவாரா?" நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல மசோதான்னா அரசாங்கம் கொண்டு வர்றது, உறுப்பினர் கட்சி கொறடா சொன்ன பக்கம் கை தூக்கணும், மாத்தித் தூக்கினா பதவியே போயிடும். இங்க மந்திரிங்க சட்டசபைக்குள்ளயே இல்ல, கவர்னரால நேரடியா மசோதா போட முடியாது, ஒவ்வொரு மசோதாவுக்கும் யாராவது ஒரு உறுப்பினர்தான் ஆசிரியர். அதனால சொந்தக் கட்சிக்காரங்க ஓட்டைக்கூட ஒவ்வொண்ணா போய் கேட்டு வாங்கணும். சபையில 80 பேர், பாஸ் ஆக 41 வேணும். வந்தவங்கள்ல பாதி இல்ல, மொத்தத்துல பாதிக்கு மேல. அதாவது ஓட்டு போடுற நேரத்துக்கு காரிடார்ல காபி குடிக்கப் போயிட்டாலும் அது எதிர் ஓட்டு கணக்குதான்.

கார் கம்பெனிங்களும் டீலர்களும் சும்மா இருப்பாங்களா? உங்க எஸ்யூவியப் புடுங்கப் போறாங்க, பெட்ரோலுக்கு வரி போடப் போறாங்கன்னு ரேடியோ முழுக்க ஒரே கூச்சல். மசோதாவுக்கு அப்ப 1058னு நம்பர், விளம்பரமெல்லாம் அந்த நம்பரைச் சொல்லித்தான் திட்டுச்சு. அப்புறம் அதே விஷயத்தை 1493ங்கற நம்பர் இருந்த வேற மசோதாவுக்குள்ள நகர்த்திட்டாங்க! கோவில்ல செருப்பு மாத்தி விடுற மாதிரி ஒரு வேலை, ஆனா இங்க இது ரொம்ப சகஜம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எதிரிங்க சொன்ன ஒவ்வொரு பயத்தையும் எடுத்து சட்டத்துக்குள்ளயே "இதைச் செய்யக்கூடாது"ன்னு எழுதிட்டாங்க. வண்டிக்கோ பெட்ரோலுக்கோ ஓட்டுற மைலுக்கோ புது வரி கூடாது, எஸ்யூவி பிக்அப்னு எந்த வகையையும் தடை பண்ணக்கூடாது, வண்டி எடையைக் குறைன்னு சொல்லக்கூடாது, ஸ்பீட் லிமிட்டைக் குறைக்கக்கூடாது. இத்தனைக்கும் அப்புறம் சட்டத்துல மிஞ்சினது ஒரே ஒரு கட்டளை, தொழில்நுட்பத்துல முடிஞ்ச அளவு, செலவு கட்டுப்படியாகுற அளவு புகையைக் குறைக்க 2005க்குள்ள வாரியம் விதி எழுதணும், அது 2009 மாடல் கார்லேர்ந்து நடைமுறைக்கு வரணும். பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா எத்தனை கிராம்னு சட்டசபையில சண்டை போட்டிருந்தா அது இன்னிக்கு வரைக்கும் முடிஞ்சிருக்காது. நம்பரை இன்ஜினியருங்ககிட்ட விட்டுட்டு, அரசியல்வாதியால முடிஞ்ச ஒரே வேலையை, அதாவது ஓட்டை, மட்டும் பாத்தாங்க.

கிடைச்சது சரியா 41. ஒண்ணு குறைஞ்சிருந்தா அவ்ளோதான். 2002 ஜூலை 22ல கவர்னர் கிரே டேவிஸ் கையெழுத்து போட்டார்.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் கோர்ட்டு வாசல்தான். கார்பன் டை ஆக்சைடுல ஒரு சிக்கல் இருக்கு. மத்த விஷப் புகையை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாட்டி மாத்திடலாம், இதை அப்படி முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வந்தே தீரும். குறைக்கணும்னா பெருசா ஒரே வழி, பெட்ரோலைக் கம்மியா எரிக்கணும், அதாவது மைலேஜ். மைலேஜுக்கு விதி போடுற அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான், அதைப் புகை விதின்னு பேர் மாத்தி கொண்டு வர்றீங்கன்னு கார் கம்பெனிங்க கேஸ் போட்டுச்சு. வாதமா பாத்தா அது அவ்வளவு மோசமான வாதமும் இல்ல, ஆனா கலிஃபோர்னியா விதியை எடுத்துக்கிட்ட வெர்மான்ட் மாநிலத்துலயும் கலிஃபோர்னியாலயும் 2007ல கம்பெனிங்க தோத்துப் போச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த வாயுக்களும் சட்டப்படி காற்று மாசுதான்னு 5க்கு 4ல தீர்ப்பு சொல்லிடுச்சு. இவ்வளவுக்கும் அப்புறம் டிசம்பர்ல புஷ் அரசாங்கத்தோட ஏஜென்சி விலக்கு தர முடியாதுன்னு கையை விரிச்சுது! ஒபாமா வந்த பிறகு 2009 ஜூன் 30லதான் விலக்கு கிடைச்சுது. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, மாநிலத்துக்கு ஒரு விதின்னு இருக்குறதை விட நாடு முழுக்க ஒரே விதி மேல்னு கார் கம்பெனிங்களே ஒத்துக்கிட்டு வந்துச்சுங்க. 2016க்குள்ள சராசரி கேலனுக்கு 35.5 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு 15 கிலோமீட்டர்.

இந்தக் கேஸெல்லாம் நடந்துட்டு இருக்கும்போதே சபாநாயகர் ஃபேபியன் நூன்யெஸோட சேர்ந்து 2006ல ஏபி 32 (ஏபின்னா கீழ் சபை மசோதா) பேவ்லி கொண்டு வந்தாங்க. கார் மட்டும் இல்ல, மின்சாரம், ரிஃபைனரி, சிமென்ட்னு மாநிலத்தோட மொத்தப் புகையும் 2020க்குள்ள 1990 அளவுக்குத் திரும்பணும். கையெழுத்து போட்டது ரிபப்ளிகன் கவர்னர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், ஹம்மர்ங்கற ராட்சச எஸ்யூவி வெச்சிருந்த அதே மனுஷன். 2010ல டெக்சாஸ் எண்ணெய் கம்பெனிங்க வலேரோவும் டெசோரோவும் காசைக் கொட்டி, வேலையில்லாதவங்க 5.5 சதவீதத்துக்குக் கீழ தொடர்ந்து நாலு காலாண்டு இருக்குற வரைக்கும் இந்தச் சட்டத்தை நிறுத்தி வைக்கணும்னு மக்கள் ஓட்டுக்கு விட்டாங்க. அப்ப நிலவரம் 12 சதவீதம், அதனால நிறுத்தினா நிறுத்தினதுதான். 61 சதவீதத்துக்கு மேல "வேணாம்"னு குத்திட்டாங்க ஜனங்க. நானா இருந்தா அந்த வேலையில்லாத் திண்டாட்டத்துல கொஞ்சம் யோசிச்சிருப்பேன், உண்மையைச் சொல்லணும்ல.

1990 அளவை 2016லயே தொட்டாச்சு, நாலு வருஷம் முன்னாடியே. ஆனா குறைஞ்சது பெரும்பாலும் மின்சாரத்துல, சோலாரும் காத்தாலையும் வந்ததால. அதே நேரத்துல வண்டிப் புகை கொஞ்சம் ஏறிட்டிருந்துச்சு, பெட்ரோல் விலை இறங்கினதும் ஜனங்க கூட ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. பேவ்லி முதல்ல கை வெச்ச இடமே கடைசியில ரொம்ப அடங்காத இடமா நிக்குது.

சமரசம் எப்பவும் இனிக்கல. 2013ல ஃப்ராக்கிங்குக்கு, அதாவது ரசாயனத் தண்ணியை பிரஷர்ல இறக்கி பாறையை உடைச்சு எண்ணெய் எடுக்குறதுக்கு, எஸ்பி 4னு ஒரு சட்டம் பேவ்லி கொண்டு வந்தாங்க (எஸ்பின்னா மேல் சபை மசோதா, அப்ப அவங்க மேல் சபையில இருந்தாங்க). என்ன ரசாயனம்னு வெளிய சொல்லணும், பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு முன்கூட்டியே தகவல் தரணும், நிலத்தடி நீரைச் சோதிக்கணும். கடைசி நேரத் திருத்தங்களைப் பாத்துட்டு, இது தடை போடாம லைசென்ஸ் குடுக்குற சட்டம்னு அவங்க பக்கம் நின்ன சுற்றுச்சூழல் அமைப்புகள்ல சிலதே கழண்டுக்கிச்சு. எனக்கும் இதுல அந்த அமைப்புகள் கட்சிதான். 41 வாங்குறதுக்காக விட்டுக் குடுக்குறதுக்கும், விட்டுக் குடுத்ததே சட்டமா ஆயிடுறதுக்கும் நடுவுல கோடு எங்கன்னு உள்ள இருக்குறவங்களுக்கு தெரியாமப் போயிடுது போல. அடுத்த வருஷம் நிலத்தடி நீருக்கு வந்த சட்டத்துல பேவ்லிக்குப் பங்கு இருக்கு, அதுக்கு முழு மார்க் போடலாம், அது தனிப் பதிவா எழுதுற அளவு பெருசு.

கடைசிச் சண்டை எஸ்பி 32. 2030க்குள்ள 1990 அளவுலேர்ந்து இன்னும் 40 சதவீதம் குறைக்கணும். 2015ல கீழ் சபையில ஓட்டு தேறல. ரிஃபைனரிக்குப் பக்கத்துல குடியிருக்குற ஏழை ஜனங்களோட தொகுதி உறுப்பினர்கள், "கம்பெனிங்க புகை விடுற அனுமதியை ஏலம் விட்டு வித்துக்கறீங்க, எங்க ஊர் காத்து அப்படியேதானே இருக்கு"ன்னு கேட்டாங்க. 2016ல கீழ் சபை உறுப்பினர் எடுவார்டோ கார்சியா எழுதின ஏபி 197ஐ ஜோடி சேர்த்தாங்க. வாரியத்துல ரெண்டு சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டு இல்லாம உக்காந்து கேள்வி கேக்கலாம், அந்தந்த இடத்துலயே புகையை நேரா குறைக்குறதுக்கு முன்னுரிமை. ஒண்ணு பாஸானாத்தான் இன்னொண்ணுக்கு உயிர்னு முடிச்சு வேற. செப்டம்பர்ல ரெண்டுலயும் ஜெர்ரி பிரவுன் கையெழுத்து போட்டார். அந்த வருஷத்தோட பேவ்லி கிளம்பியாச்சு. அவங்க காலத்து விதிப்படி கீழ் சபையில 6 வருஷம், மேல் சபையில 8 வருஷம், அதுக்கு மேல நிக்க முடியாது.

விலக்குச் சண்டை இன்னும் ஓயல. 2025 ஜூன்ல புது பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்துற கலிஃபோர்னியா விதிக்குக் குடுத்த விலக்கை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து பண்ணி டிரம்ப் கையெழுத்து போட்டார், கலிஃபோர்னியா அன்னிக்கே கோர்ட்டுக்குப் போயிடுச்சு.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அப்பா, "சரி, அந்தம்மா பேரை எதுக்காச்சும் வெச்சாங்களா?"ன்னார். இருக்குப்பா, அந்த கார் விதிக்கே "பேவ்லி"ன்னுதான் பேரு, புகைக் கணக்கு போடுற இன்ஜினியருங்க டேபிள்ல "பேவ்லி 1"னு ஒரு வரி வரும்னேன்.

"யாரு படிப்பா அதை? பஸ் ஸ்டாண்டுக்கு வெச்சிருந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்" அப்படின்னுட்டு போனை அம்மாகிட்ட குடுத்துட்டார்.